டிஎன்பிஎஸ்சி குரூப் 4 அரசு வேலைத் தேர்வு: மாடல் டெஸ்ட் மார்க் அசையவே இல்லை, என்ன செய்யலாம்?

தென்காசிப் பெண்:
பகலில் மெடிக்கல் ஷாப்பில் வேலை. இரவு எட்டரைக்கு மேல்தான் புத்தகம் எடுக்க முடியும். ஆறிலிருந்து பத்தாம் வகுப்பு வரை தமிழ் முடித்தாயிற்று. ஆனாலும் மாடல் டெஸ்ட்டில் 200-க்கு 140, 145 என்றே நிற்கிறது. போன மாதமும் அதுதான், அதற்கு முந்தின மாதமும் அதுதான். "இன்னும் எத்தனை நாளைக்கும்மா?" என்று அப்பா கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. புத்தகத்தைத் திறந்தாலும் மனசு ஓட மாட்டேன் என்கிறது. தாண்டி வந்தவர்கள் சொல்லுங்களேன்.

நெல்லைத் தம்பி:
எனக்கும் அதே கதைதான் அக்கா. பதில் வந்தால் இருவருக்கும் சேர்த்து.

தாலுகா ஆபீஸ்காரன்:
தங்கச்சி, மொத்த மார்க்கைப் பார்ப்பதை விடுங்க. தமிழ் 100, பொது அறிவு 75, கணக்கு 25. மூன்றையும் தனித்தனியாகக் குறித்து வைங்க. எனக்குத் தமிழ் ஏற ஏற, ரிவிஷன் இல்லாமல் பொது அறிவு இறங்கிக்கொண்டிருந்தது. மொத்தத்தில் அது தெரியவே தெரியாது.

அப்புறம், தப்பானது படிக்காததாலா, படித்தும் குழம்பியதாலா என்று பிரிங்க. எனக்குப் பதினெண்கீழ்க்கணக்குதான் எமன். இன்னா நாற்பதுக்குக் கபிலர், இனியவை நாற்பதுக்குப் பூதஞ்சேந்தனார், நான்மணிக்கடிகைக்கு விளம்பிநாகனார், திரிகடுகத்துக்கு நல்லாதனார். நாலு பேரும் ஆப்ஷனில் வரிசையாக நின்றால் பென்சில் நகராது. முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தால் இது தீராது. குழம்புகிறதை மட்டும் ஒரு சின்ன நோட்டில் எழுதி, பஸ்ஸில் ஆசிரியர் பெயரைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு சொல்லிப் பார்ப்பேன்.

காத்திருக்கிற காலமும் இதில் சேர்த்திதான். 2022 ஜூலையில் எழுதிய தேர்வுக்கு 2023 மார்ச்சில்தான் ரிசல்ட் வந்தது. அந்த எட்டு மாதமும் அந்த நோட்டை நான் கீழே வைக்கவில்லை.

மதுரைக்காரி:
பழைய கட்-ஆஃபை, அதாவது வேலை கிடைத்த கடைசி மார்க்கைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், தெம்பாகவும் வேண்டாம். 2022 அறிவிப்பில் 7,301 இடம், 2025 அறிவிப்பில் 3,935. இடம் மாறினால் கட்-ஆஃபும் மாறும், அது நம் கையில் இல்லை. அப்பாவிடம் "இன்னும் இரண்டு தேர்வு" என்று கெடு சொல்லிவிடுங்க. அதற்கப்புறம் அவர் கேட்க மாட்டார். கடை வேலையை மட்டும் விட்டுவிடாதீங்க.

தென்காசிப் பெண்:
அண்ணா, போன வாரப் பேப்பரைப் பிரித்துப் பார்த்தேன். தமிழ் 82, பொது அறிவு 47, கணக்கு 14. கணக்கில் போனதில் பாதி, நேரம் இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டு ஷேட் பண்ணியது! கணக்கை எப்போதும் கடைசிக்குத்தான் வைக்கிறேன். முதலில் போட்டால் நேரத்தை விழுங்கிவிடாதா?

தாலுகா ஆபீஸ்காரன்:
விழுங்கும். தமிழ் முடித்ததும் கணக்கு, அரை மணிக்கு மேல் கிடையாது. இரண்டு வருடக் கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் வித்தியாசம் கேட்பார்கள்: 10,000 ரூபாய், 10 சதவீதம் என்றால் இரண்டு தடவை பத்தால் வகுங்க, 100 ரூபாய். இந்த மாதிரி வாரத்துக்கு ஒரு தலைப்பு போதும். அடுத்த டெஸ்ட்டில் கணக்கு மார்க்கை மட்டும் இங்கே போடுங்க.