பெரிய வீட்டுப் பங்காளிகள் குழு: அண்டா இறக்குறதுக்கு முன்னாடி

லெட்சுமணன் சித்தப்பா, காலை 6:42
முன்னோருக்குப் போடுற படைப்புக்கு இன்னும் மூணு வாரம்தான். வர்ற ஞாயித்துக்கிழமை பெரிய வீட்டைத் திறக்குறோம். சாமான் அறையிலேருந்து அண்டா, தவலை, வெங்கலப் பானை அம்புட்டும் முற்றத்துக்கு வரணும். கூலிக்கு ரெண்டு பேர்தான் கிடைச்சிருக்காங்க. மிச்சம் நம்ம கைதான். இடுப்பைப் பாத்து வாங்கப்பா.

வள்ளி பிசியோ, காலை 6:55
சித்தப்பா, வெறும் "பாத்து"ன்னா எதைப் பாக்குறதுன்னு தெரியாதுல்ல? நான் சொல்லிடுறேன். பாத்திரம் எத்தனை கிலோங்கிறதைவிட, அது உடம்பை விட்டு எம்புட்டுத் தள்ளி இருக்குங்கிறதுதான் முக்கியம். முதுகை நிமித்துற தசை முள்ளெலும்போட நடுவுலேருந்து ஏறக்குறைய 5 செ.மீ. தள்ளி நின்னு இழுக்குது. 10 கிலோ தவலையைக் கையை நீட்டி 50 செ.மீ. தள்ளிப் பிடிச்சா, அந்தத் தசை 100 கிலோவுக்கு இழுத்தாகணும். அதையே வயித்தோட அணைச்சா 25 செ.மீ. ஆயிடும், இழுவை பாதியாயிடும். நம்ம மேலுடம்போட பாரத்தை இதுல சேக்கவே இல்ல.

வள்ளி பிசியோ, காலை 6:58
அமெரிக்காவுல தொழிலாளர் பாதுகாப்புக்காக 1991ல ஒரு கணக்கு போட்டாங்க. எல்லாம் தோதா இருந்தாலே ஒருத்தர் தூக்க 23 கிலோதான் வரம்பு. தோதுன்னா, பொருள் தரையிலேருந்து 75 செ.மீ. உயரத்துல, உடம்போட ஒட்டி, நல்ல பிடியோட, திரும்பாம தூக்குறது. நம்ம சாமான் அறையில இதுல ஒண்ணுகூட கிடையாது. அதனால 12, 15 கிலோ தாண்டினாலே ரெண்டு பேர் பிடிங்க.

அழகப்பன் சென்னை, காலை 7:10
முழங்காலை மடக்கித் தூக்கினா போதும்னுதானே எல்லாரும் சொல்றாங்க?

வள்ளி பிசியோ, காலை 7:16
சின்ன டப்பாவுக்குச் சரி அண்ணே. அகலமான தவலை ரெண்டு முழங்காலுக்கு நடுவுல அடங்காது. நீங்க முழுசாக் குந்தினா அது முழங்காலுக்கு வெளியே போயிடும், தூரம் கூடிடும். முழங்கால் கொஞ்சம்தான் மடங்கணும், மடிப்பு தொடை மூட்டுல விழணும். பின்பக்கம் பின்னால போகணும், கார் கதவைப் பின்பக்கத்தால தள்ளி மூடுற மாதிரி.

சுப்பு அண்ணன் யோகா, காலை 7:21
இதுக்கு ஒட்டடைக்கம்பு போதும். கம்பை முதுகோட நேரா வச்சுப் பிடிங்க. பின்னந்தலை, தோள்பட்டைக்கு நடு, இடுப்புக்குக் கீழ உள்ள எலும்பு, மூணு இடத்துலயும் கம்பு தொடணும். அப்படியே குனிங்க. தலை விலகினா கழுத்தைத் தொங்கப் போடுறீங்க. கீழ விலகினா இடுப்பை வளைக்கிறீங்க. மூணும் தொட்டுக்கிட்டே குனிய வந்துட்டா அதுதான் பாரம் தூக்குற குனிவு. கண்ணாடி முன்னாடி பக்கவாட்டுல நின்னு தினம் 10 தடவை. ஞாயித்துக்கிழமைக்குள்ள பழகிடும்.

மெய்யம்மை ஆச்சி, காலை 7:30
கோலம் போடுறதுக்கும் இதுதானா ஆத்தா? வாசத் தெளிச்சுக் குனிஞ்சாத்தான் பிடிச்சுக்கிது.

வள்ளி பிசியோ, காலை 7:38
அதுக்குக் காரணம் கோலம் இல்ல ஆச்சி, நேரம். ராத்திரி படுத்திருக்கையில முள்ளெலும்புக்கு நடுவுல உள்ள டிஸ்க் தண்ணியை உறிஞ்சி உப்பிக்கிடும். அதனாலதான் எல்லாரும் காலையில ஒரு செ.மீ.க்கு மேல உயரமா இருக்கோம். எழுந்து நடமாடினதும் அந்த உயரத்துல ஏறக்குறையப் பாதி முதல் ஒரு மணி நேரத்துலயே இறங்கிடும். உப்பி விறைச்சு இருக்கும்போது குனிஞ்சா டிஸ்க்கோட பின்பக்கத்துக்கு இழுவை ஜாஸ்தி. படுக்கையை விட்டு எழுந்ததும் குனியுற எந்த வேலைக்கும் இது பொருந்தும், வாளியோ, பூந்தொட்டியோ, கால் கட்டைவிரலைத் தொடுற ஆசனமோ.

மெய்யம்மை ஆச்சி, காலை 7:41
அதுக்காக விடிஞ்ச பெறகா கோலம் போடுறது? தெருவே சிரிக்கும்.

உமையாள் தேவகோட்டை, காலை 7:44
ஆச்சி, அரை மணி முந்தி எழுந்திரிச்சு விளக்கேத்துறது, பால் காச்சுறது, முகப்பைக் கூட்டுறது எல்லாத்தையும் முதல்ல முடிச்சுடுங்க. கோலம் கடைசி. நீளக் கைப்பிடித் தொடப்பம் வச்சுக்கிட்டா நின்னுக்கிட்டே கூட்டலாம். தெளிக்க ஒரு முழு வாளிக்குப் பதிலா ரெண்டு கையிலும் அரை அரை வாளி. ஒரு பக்கம் மட்டும் பாரம் இருந்தா எதிர்ப்பக்கத்து இடுப்புத் தசை பூராவும் இழுத்துப் பிடிக்கணும்.

வள்ளி பிசியோ, காலை 7:47
உமையாள் சொல்றது சரி. கோலம் போடயில இடது கையைத் தொடையில ஊணிக்கங்க. மேலுடம்புல ஒரு பங்கு கை வழியா இறங்கிடும். எட்டாத புள்ளிக்கு இடுப்பைத் திருப்பாம காலை எடுத்து வைங்க. நாலு வரிசைக்கு ஒருதரம் நிமிந்து, ரெண்டு கையையும் இடுப்புக்குப் பின்னால வச்சு லேசாப் பின்னால சாஞ்சு நாலஞ்சு தடவை. குந்திப் போடுறவங்களும் இடையில எழுந்திரிக்கணும்.

அழகப்பன் சென்னை, காலை 8:05
கோர் ஸ்ட்ராங்கா இருந்தா இதெல்லாம் பாக்க வேணாமே. நாளைக்கு 50 சிட்-அப் போட்டா மூணு வாரத்துல வந்துடாதா?

சுப்பு அண்ணன் யோகா, காலை 8:12
வராது தம்பி. சிட்-அப் போட்டா முன்னாடி கட்டம் கட்டமாத் தெரியுற தசைதான் முக்கியமா வேலை செய்யும். அதுவும் ஒவ்வொரு தடவையும் டிஸ்க்கை அமுக்கி வளைச்சுத்தான் செய்யும். கோருங்கிறது ஒரு பெட்டி. மேல மூச்சு விட உதவுற உதரவிதானம், கீழ இடுப்புத் தளத் தசை, முன்னாடியும் பக்கமும் வயித்தைச் சுத்தி வர்ற ஆழத் தசை, பின்னாடி முள்ளெலும்பை ஒட்டின சின்னத் தசைகள். அரிசி மூட்டையைப் பாத்திருப்பே. நிறையக் குத்தின மூட்டை நிமிந்து நிக்கும், பாதி மூட்டை மடிஞ்சு சாயும். நாலு பக்கமும் சேந்து இறுகினாத்தான் நடுவுல உள்ள முள்ளெலும்பு அசையாம இருக்கும்.

வள்ளி பிசியோ, காலை 8:15
எந்தத் தசைன்னு தொட்டே பாக்கலாம். இடுப்பெலும்பு முன்னாடி துருத்துற இடத்துலேருந்து ரெண்டு விரக்கடை உள்ள தள்ளி விரலை அமுக்கி ஒரு தடவை இருமுங்க. விரலுக்கு அடியில கெட்டியாகுதே, அதுதான். யாரோ வயித்துல குத்த வர்றாங்கன்னா எப்படித் தயாராவீங்களோ அப்படி, ஆனா முழு பலத்துல இல்ல, கால்வாசி. தொப்புளை உள்ள இழுக்குறதும் தப்பு, மூச்சை அடக்குறதும் தப்பு. இறுக்கத்தை விடாமப் பேச முடியணும்.

லெட்சுமணன் சித்தப்பா, காலை 8:20
என்னென்ன பயிற்சின்னு சொல்லுங்கப்பா, மூணு வாரம் செஞ்சு பாப்போம். ஞாயித்துக்கிழமை பாத்திரத்துக்கு உதவாட்டியும் படைப்பு வேலைக்கு ஆகும்ல. வயசானவங்களுக்கும் ஆகணும்.

சுப்பு அண்ணன் யோகா, காலை 8:34
மூணே மூணு. கனடாவுல வாட்டர்லூ பல்கலைக்கழகத்துல முதுகெலும்பு ஆராய்ச்சி செஞ்ச ஸ்டூவர்ட் மெக்கில் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. வாரத்துல அஞ்சு நாள், எழுந்து ஒரு மணி நேரம் கழிச்சு. ஒவ்வொண்ணும் 10 விநாடி பிடிச்சு விடணும். முதல் சுத்து 6 தடவை, அடுத்தது 4, கடைசி 2. புதுசா ஆரம்பிக்கிறவங்க 4, 3, 2ன்னு வச்சுக்கங்க. 10 விநாடிக்கு மேல இழுக்க வேணாம். கூட்டணும்னா தடவையைக் கூட்டுங்க.

ஒண்ணு, தலை தூக்கல். மல்லாக்கப் படுத்து ஒரு முழங்காலை மடக்கி, மத்த காலை நீட்டிக்கங்க. ரெண்டு உள்ளங்கையும் இடுப்பு வளைவுக்கு அடியில. அந்த வளைவைத் தரையோட அமுக்கக் கூடாது. தலையும் தோளும் ஒரு காகித உயரம் எழும்பினாப் போதும். தாடை நெஞ்சுக்குப் போனாக் கழுத்து வலிக்கும்.

ரெண்டு, பக்கப் பாலம். ஒருக்களிச்சுப் படுத்து, தோளுக்கு நேர் கீழ முழங்கையை ஊணி, முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குறது. முழங்கை முன்னால தள்ளியிருந்தா தோள் பிடிச்சுக்கும். கஷ்டமா இருக்கிறவங்க சுவத்துல முழங்கையை ஊணி நின்னுக்கிட்டே செய்யலாம்.

மூணு, எதிர்க்கை எதிர்க்கால். நாலு கால்ல நின்னு வலது கையையும் இடது காலையும் நீட்டுறது, பெறகு மாத்துறது. குதிகாலைப் பின்னால தள்ளுங்க, மேல தூக்காதீங்க. கால் இடுப்புக்கு மேல போச்சுன்னா முதுகு குழிஞ்சிடும். இடுப்புல ஒரு டம்ளர் தண்ணி வச்ச மாதிரி சாயாம இருக்கணும். நம்ம ஆத்தங்குடிக் கல்லுத் தரை முழங்காலைக் கடிக்கும், ஜமுக்காளத்தை நாலா மடிச்சுப் போடுங்க.

வள்ளி பிசியோ, காலை 8:41
இதோட நாற்காலியில கையை ஊணாம 10 தடவை எழுந்து உக்காரணும். பின்பக்கத் தசையும் தொடையும் தேறாட்டி எந்தக் குனிவும் முதுகுலதான் வந்து விழும். எலும்பு மெலிஞ்சிருக்குன்னு (ஆஸ்டியோபோரோசிஸ்) டாக்டர் சொல்லியிருக்கிறவங்களும் குடலிறக்கம் இருக்கிறவங்களும் முதல் பயிற்சியை விட்டுடுங்க. கர்ப்பமா இருக்கிறவங்க, ஆபரேஷன் ஆன புதுசுல இருக்கிறவங்க டாக்டரைக் கேட்டுட்டு ஆரம்பிங்க.

மெய்யம்மை ஆச்சி, காலை 9:02
மருந்துக்கடையில இடுப்புப் பெல்ட்டு விக்கிறானே, அதைக் கட்டிக்கிட்டா?

வள்ளி பிசியோ, காலை 9:06
வேணாம் ஆச்சி. நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பர்ல வெளியிட்ட வழிகாட்டுதல்ல, பெல்ட்டை வழக்கமாக் கொடுக்க வேணாம்னுதான் இருக்கு. முதுகை இழுத்து விடுற டிராக்‌ஷன் வைத்தியமும் அதே பட்டியல்லதான். பெல்ட் கட்டின தைரியத்துல பாரத்தைக் கூட்டித் தூக்கத்தான் தோணும்.

அழகப்பன் சென்னை, காலை 9:15
அப்ப ஸ்கேன்ல டிஸ்க் பல்ஜ், அதாவது டிஸ்க் பிதுங்கியிருக்குன்னு இருந்தா தூக்கவே கூடாதா?

வள்ளி பிசியோ, காலை 9:22
ரிப்போர்ட்டை மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாது. வலியே இல்லாதவங்களை ஸ்கேன் பண்ணின ஆய்வுகளை 2015ல தொகுத்தாங்க. 20 வயசுக்காரங்கள்லயே 30 சதவீதம் பேருக்கு பல்ஜ், 80 வயசுல 84 சதவீதம். தலைநரை மாதிரி அதுவும் வயசோட வர்றதுதான் பல பேருக்கு. கால் வரைக்கும் வலி இறங்குதா, மரத்துப் போகுதா, பலம் குறையுதாங்கிறதுதான் கேள்வி.

வள்ளி பிசியோ, காலை 9:25
இதை மட்டும் எல்லாரும் படிங்க. மூத்திரம் போக முடியாமலோ அடக்க முடியாமலோ போறது, மலம் அடக்க முடியாதது, உக்காருற இடமும் தொடையோட உள்பக்கமும் மரத்துப் போறது, கால் பலம் திடீர்னு குறையுறது. முதுகு வலியோட இதுல ஒண்ணு வந்தாலும் ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிதான், எண்ணெய் போட்டு நீவுறதெல்லாம் இல்ல. காய்ச்சலோட வலி, காரணமில்லாம எடை குறையுறது, வயசானவங்க விழுந்த பெறகு வர்ற வலி, இதையும் தள்ளிப் போடாதீங்க. சாதாரணப் பிடிப்புக்கு நேர் எதிர். ஒருநாள் ரெண்டுநாளுக்கு மேல படுத்தே கிடந்தா நல்லதுக்குப் பதிலாக் கெடுதல், வலி தாங்குற அளவுக்கு நடமாடணும்.

உமையாள் தேவகோட்டை, காலை 9:40
அடுப்படியையும் சொல்லிடுறேன். காய் நறுக்குற மேடை முழங்கைக்கு 10, 15 செ.மீ. கீழ இருக்கணும். முறுக்கு பிழியுறது, மாவு பிசையுறது மாதிரி அமுக்குற வேலைக்கு இன்னும் தாழ்வா இருந்தாத்தான் உடம்போட எடையை இறக்க முடியும். ஒரே மேடையில ரெண்டையும் செஞ்சா ஒண்ணுல குனிவோம், இன்னொண்ணுல தோளைத் தூக்குவோம். நின்னே சமைக்கிறவங்க ஒரு காலை மணைப்பலகை மேல வச்சு மாத்தி மாத்தி நிக்கலாம். மனகோலப் பலகாரம் செய்ய மணிக்கணக்கா உக்காருறவங்க மணையில உக்காரும்போது முழங்கால் இடுப்பைவிட மேல போயிடுது, இடுப்பு பின்னால சுருண்டுடும். மடிச்ச போர்வையை அடியில போட்டு உயரத்தைக் கூட்டுங்க.

லெட்சுமணன் சித்தப்பா, காலை 9:52
சனிக்கிழமை சாயங்காலம் பல்லவன் ரயில்ல ஏறுறவங்க என்ன செய்யணும்?

வள்ளி பிசியோ, காலை 9:55
மணிக்கு ஒருதரம் எழுந்து பெட்டிக்குள்ள நடங்க. நீண்ட நேரம் சுருண்டு உக்காந்தா முதுகுப் பின்பக்க நார்கள் தொளதொளன்னு நீண்டு போயிடும். ரயிலை விட்டு இறங்கின உடனே சூட்கேசைத் தோளுக்கு ஏத்துறதுதான் ஆபத்து. ரெண்டு நிமிஷம் நிமிந்து நடந்துட்டுத் தூக்குங்க. ராத்திரி ஒருக்களிச்சுப் படுக்கிறவங்க முழங்காலுக்கு நடுவுல ஒரு தலகாணி. எழும்போது முதல்ல புரண்டு ஒருக்களிச்சு, காலைக் கீழ இறக்கி, கையை ஊணி எழுந்திரிங்க.

லெட்சுமணன் சித்தப்பா, காலை 10:03
சரி. பெரிய அண்டா? நாலு பேர் பிடிச்சாலும் சாமான் அறை நிலைவாசல்ல நாலு பேர் நுழைய முடியாதே. நிலை வேற தாழ்வு.

சுப்பு அண்ணன் யோகா, காலை 10:08
தூக்கவே வேணாம். பாரத்தைக் கையில வச்சுக்கிட்டு தலையைக் குனிஞ்சு நிலைப்படியைத் தாண்டுறதைவிட மோசமான நிலை முதுகுக்கு இல்ல. நிலைப்படி வரைக்கும் தள்ளுங்க, அங்க இறக்குங்க, ஒருத்தர் அந்தப் பக்கம் போங்க, ரெண்டு பேரா விளிம்பைச் சாய்ச்சு மறுபக்கம் இறக்குங்க. தரையில சாக்கு போட்டா வழவழப்புல தானா நகரும், கல்லுலயும் கீறல் விழாது. இழுக்காமத் தள்ளுங்க. இழுக்கும்போதுதான் இடுப்பு திரும்பும்.

லெட்சுமணன் சித்தப்பா, காலை 10:10
தண்ணி கொட்டின இடத்துல சாக்கு வேணாம். வழுக்கிடும். முதல்ல துடைக்கணும்.

மெய்யம்மை ஆச்சி, காலை 10:16
சாக்கு ஆறு இருக்கு, மாடிப்படிக்கு அடியில. நானே எடுத்து வெயில்ல போட்டுடுறேன்.

வள்ளி பிசியோ, காலை 10:17
ஆச்சி, காலையில ஒரு மணி நேரம் கழிச்சு. ஒண்ணொண்ணா.

மெய்யம்மை ஆச்சி, காலை 10:19
சரிடி. ஒட்டடைக்கம்பை யாரும் கொண்டாராதீங்க, வீட்டுல மூணு கிடக்குது.