நெல்லுத் தராசும் ஞாயிறு பூசையும்

கனகராயன்:
கிளிநொச்சிப் பக்கம் நெல்லு வாங்கி மில்லுக்குக் குடுக்கிற தொழில். ஞாயிறு பூசை, வீட்டில செபமாலை எல்லாம் ஒழுங்கு. தராசடியில மட்டும் ஊர் வழக்கம்தான்: ஈரம், சாக்கு எண்டு மூடைக்கு மூண்டு கிலோ கழிவு. காலபோக அறுவடை வருகுது. "நேர்மையாய் இரு" எண்டு பொதுவாச் சொல்லாமல், எங்க தொடங்கிறது எண்டு தெரிஞ்சவை சொல்லுங்கோ.

அக்கராயன்மகள்:
தராசிலயே தொடங்குங்கோ அண்ணை, நீதிமொழிகள் 11:1 அதைத்தான் பேசுது. அளவீட்டு அலகுகள் திணைக்கள முத்திரை இந்த வருசத்தினதோ எண்டு பாருங்கோ. பிறகு 20 கிலோ படிக்கல்லைத் தட்டின்ர நாலு மூலையிலும் நடுவிலும் வச்சுப் பாருங்கோ, ஐஞ்சிலும் ஒரே இலக்கம் வரவேணும். மண் தரையில கால் புதைஞ்சு சரிஞ்சால் பிழையாக் காட்டும், பலகை போடுங்கோ.

பிளாஸ்ரிக் உரபாக் ஒண்டு 100 கிராம் அளவுதான் வரும். அதுக்கு ஒரு கிலோ கழிக்கிறது சணல் சாக்குக் காலத்துப் பழக்கம். வெறும் பாக் பத்தைச் சேர்த்து நிறுத்துப் பத்தால பிரிச்சுக் கழியுங்கோ.

ஈரத்துக்கு மீற்றர் வேணும், மேல் நெல்லில மட்டும் பார்க்காமல் நடு, அடியிலும் எடுத்துச் சராசரி போடுங்கோ. காய்ஞ்ச நெல்லுக்கு 14 வீத ஈரம்தான் அளவு. நூறில ஈரத்தைக் கழிச்சு 86ஆல (நூறில 14 போக மிச்சம்) பிரிச்சு, நிறையால பெருக்குங்கோ. 18 வீத ஈரத்தில 100 கிலோ, காய்ஞ்சால் 95.35 கிலோ. 15 வீதமெண்டால் கழிவு 1.16 கிலோ மட்டும்தான். எல்லாருக்கும் ஒரே கழிவு போட்டால் றோட்டில பாய் விரிச்சுக் காயவச்சவனுக்குத்தான் அடி, ஈரத்தோட கொண்டாறவன் தப்பிடுவான். அடுத்த போகம் ஒருத்தரும் காயவைக்க மாட்டினம்.

பூநகரியான்:
தராசு சரி, மூடை ஏத்திற பொடியளின்ர கூலி? "மில் காசு வரட்டும்" எண்டு இழுக்கிறதுதான் எங்கட பக்கத்துப் பெரிய வியாதி. லேவியராகமம் 19:13 விடியும்வரை கூலியை வச்சிருக்காதே எண்டுது, உபாகமம் 24:15 பொழுதுபட முன்னம் குடு எண்டுது. முதல் மூடை வாங்க முன்னமே இரண்டு கிழமைக் கூலியைத் தனி உறையில போடுங்கோ. காணிக்கை அதுக்குப் பிறகுதான்.

கனகராயன்:
நன்றி. முந்தின போகங்களில கூடக் கழிச்சதுக்குப் பாவசங்கீர்த்தனம், குருவிட்டப் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேக்கிறது, காணாதோ?

நெடுங்கேணி வாசகன்:
காணாது. எடுத்ததைத் திருப்பிக் குடுக்க வேணும் எண்டு திருச்சபையின் மறைக்கல்வி 2412ஆம் இலக்கத்தில இருக்கு. எண்ணிக்கை 5:7 முதலோட ஐஞ்சில ஒரு பங்கும் கேக்குது, பத்துக் கிலோ கழிச்சிருந்தால் 12 கிலோவின்ர காசு. ஆள் இல்லாட்டி அடுத்த வசனத்தைப் பாருங்கோ: உறவுக்காரனுக்கு, அவனும் இல்லாட்டி குருவிட்ட. இடம்பெயர்ந்து சிதறின சனத்துக்கு நடுவில யாவாரம் செய்யிற ஆளுக்கு உது தேவைப்படும். திருவிழாவுக்குப் பெரிசா உபயம் செய்து ஈடுகட்டப் பார்க்காதேங்கோ. வேதத்தில வாற வரி தண்டுற சக்கேயு, ஏமாத்தின ஆளுக்கே நாலு மடங்காத் தாறன் எண்டவர்.

இரவு ஆத்தும சோதனை பத்து நிமிசம் காணும். இயேசு சபையைத் தொடங்கின புனித இஞ்ஞாசியார் சொன்ன ஐஞ்சு படி: நன்றி, ஒளி கேட்கிறது, நாளைத் திருப்பிப் பார்க்கிறது, மனத்தாபம், நாளைக்கு ஒரு தீர்மானம். பாயில படுத்துக்கொண்டு செய்தால் நித்திரைதான் வரும். கடை பூட்ட முன்னம், கொள்வனவுக் கொப்பியைத் திறந்து வச்சு ஒவ்வொரு வரியாப் பாருங்கோ. "இண்டைக்குப் பாவம் செய்தனோ" எண்டு மொத்தமாக் கேட்டால் ஒண்டும் பிடிபடாது.

அக்கராயன்மகள்:
ஒண்டு விட்டிட்டன். மற்ற யாவாரி கிலோ 100 ரூபா எண்டு கூவுவான், சனம் அங்க ஓடும். 70 கிலோ மூடையில மூண்டு கழிச்சால் கையில வாறது 6,700. நீங்கள் காய்ஞ்ச நெல்லுக்குக் கழிவில்லாமல் 97 குடுத்தாலே 6,790. இரண்டு கணக்கையும் பலகையில எழுதித் தராசுக்கு மேல கொழுவி விடுங்கோ.