வெள்ளகோவில் பக்கம் மரச்செக்கு: கூலிக்கு ஆட்டறதா, சொந்தமா எண்ணெய் விக்கறதா?

நொய்யல்கரை:
முத்தூர் ரோட்டுல 400 சதுர அடி கடை ஒண்ணு பார்த்திருக்கோமுங்க, வாடகை 8,000. 20 கிலோ பிடிக்கிற மரச்செக்கு ஒண்ணு போட்டு நிலக்கடலை, எள், தேங்காய் மூணும் ஆட்டலாம்னு யோசனை. ஆள் ஒருத்தரைச் சம்பளத்துக்கு வெச்சாகணும். நாமளே கடலை வாங்கி எண்ணெய் எடுத்து விக்கறது நல்லதா, காட்டுக்காரங்க கொண்டு வர்றதைக் கூலிக்கு ஆட்டிக் குடுக்கறது நல்லதா? மெஷின் விக்கறவங்க லிட்டருக்கு 80 ரூபா கையில நிக்கும்ங்கறாங்க. நிக்குமுங்களா? லைசன்ஸ், கரண்ட் சமாச்சாரமும் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கணக்குநோட்டு:
அந்த 80 ரூபா, ஆள் சம்பளமும் வாடகையும் சேர்க்காத கணக்குங்க. நீங்களே போட்டுப் பாருங்க. விலையெல்லாம் உதாரணத்துக்கு; உங்க ஊர் விலையை மாத்திக்குங்க.

நிலக்கடலைப் பருப்பு கிலோ 130னா, 20 கிலோ ஒரு ஆட்டுக்கு 2,600. பருப்பு நல்லா இருந்தா 8.2 லிட்டர் எண்ணெய், பதினொண்ணரை கிலோ புண்ணாக்கு. புண்ணாக்கு கிலோ 40க்குப் போனா 460 திரும்பி வரும். மீதி 2,140ஐ 8.2ல வகுத்தா லிட்டருக்கு 261. விலை 350னு வெச்சா 80க்கு மேலதான் தெரியும், மெஷின்காரர் சொன்னது இதுதான்.

இதுக்கு மேல லிட்டருக்குக் கசடுல போறது 6, கரண்ட் 3, பாட்டில் மூடி லேபிள் 14. ஆளுக்கு நாள் சம்பளம் 750ங்கும்போது, நாளைக்கு ரெண்டு ஆட்டு மட்டும் ஓடினா லிட்டருக்கு 46 ரூபா கூலி விழும். மாசம் 25 நாள்ல 410 லிட்டர், வாடகை லிட்டருக்கு இருபதுக்குப் பக்கம். கூட்டினா 350. நிக்கறது சைபர்.

அதே கடை, அதே ஆளு, நாளைக்கு அஞ்சு ஆட்டு ஓடட்டும். கூலி 18க்கும் வாடகை 8க்கும் இறங்கும், அடக்கம் 310. அப்பத்தான் 40 ரூபா நிக்கும். ஆனா மாசம் 1,025 லிட்டர் வித்தாகணும். வெள்ளகோவில்ல அத்தனை வாடிக்கை புடிக்க முடியுமான்னு மொதல்ல பாருங்க, மெஷினை அப்பறம் பார்க்கலாம்.

இன்னொண்ணு. கடைகளுக்குப் போட்டீங்கன்னா அவங்களுக்கு 10, 15 சதவீதம் விடணும், ஒரு மாசம் கடன். நாளைக்கு ரெண்டு ஆட்டுக்கே பருப்புக்கு 5,200 போகுது. எண்ணெய் தெளிய ஒரு வாரம், கடன் ஒரு மாசம்னா ஒண்ணரை லட்சத்துக்கு மேல வெளியிலயே கிடக்கும். வங்கிக் கடன்ல மெஷின் விலையை மட்டும் எழுதிட்டு இதை விட்டர்றாங்க. பாதிப்பேர் மூச்சு முட்டறது இந்த இடத்துலதான்.

செக்கடி:
கணக்கு சரிதான், ஆனா அந்த 8.2 லிட்டர் தன்னால வராதுங்க. ஆட்டுக்கு அரை லிட்டர் குறைஞ்சாலே அடக்கம் 15 ரூபாய்க்கு மேல ஏறிப்போகும்.

பருப்பு ஈரமா இருந்தா புண்ணாக்கு கொழகொழன்னு உலக்கையைச் சுத்திக்கும், எண்ணெய் பிரியாது. ரொம்பக் காய்ஞ்சிருந்தா மாவாவே சுத்திக்கிட்டு இருக்கும். அப்ப சுடுதண்ணி தெளிக்கணும், 20 கிலோவுக்கு அரை லிட்டருக்குள்ள, கொஞ்சங் கொஞ்சமா. மொத்தமா ஊத்தினா அன்னைக்கு ஆட்டு போச்சு. எள்ளுக்குக் கருப்பட்டி கிலோ, ஒண்ணரை கிலோ தட்டிப் போடுங்க, அதுதான் எள்ளைப் புடிச்சு எண்ணெயைக் கழட்டி விடும். தேங்காய்க்குத் தண்ணியே ஆகாது. கொப்பரையைச் சின்னதா வெட்டி ஒரு வெயில் காட்டிப் போடணும். ஈரம் 6 சதவீதத்துக்குள்ள இருந்தா 20 கிலோவுக்கு 11, 12 லிட்டர் எதிர்பார்க்கலாம்.

எண்ணெய் குறையுதுன்னா புண்ணாக்கை எடுத்துப் பேப்பர்ல வெச்சு அழுத்திப் பாருங்க. திட்டுத்திட்டா எண்ணெய் ஊறுச்சுன்னா உலக்கை தேய்ஞ்சிருக்கு, இல்ல பாரம் பத்தலை. வாகை உலக்கை தேயத் தேய உரலுக்கும் அதுக்கும் இடைவெளி விழும். மாத்து உலக்கை ஒண்ணு மெஷின் வாங்கறப்பவே பேசி வாங்கிருங்க. சித்திரை வெயில்ல நாலு நாள் ஓட்டாம விட்டா மர உரல் வெடிக்கும். நிறுத்தறதுக்கு முன்னாடி எண்ணெய் தடவி ஈரச்சாக்கு போட்டு மூடி வைங்க. கியர் பாக்ஸ் ஆயில் சீல் கசியுதான்னு தினம் தொட்டுப் பார்க்கணும். அது எண்ணெய்ல கலந்தா கடையை மூட வேண்டியதுதான்.

தெளிய விடறதுக்கு அடி கூம்பா இருக்கற ஸ்டெயின்லெஸ் டேங்க் வேணும், அடியில கசடு குழாய், கொஞ்சம் மேல எண்ணெய்க் குழாய். அஞ்சு நாளுக்கு முன்னாடி அவசரப்பட்டுப் புடிச்சுக் குடுத்தா வாணலில பொங்கும். "கலப்பட எண்ணெய்"னு பேர் வாங்கிக் குடுக்கறது பெரும்பாலும் இந்தப் பொங்கல்தான்.

காங்கயம்காளை:
மொத வருஷம் கூலிக்கு ஆட்டுங்க, பருப்புல காசு மாட்டாது. எங்க பக்கமெல்லாம் அப்படித்தான் ஓடுது.

கணக்குநோட்டு:
கூலியை மட்டும் நம்பறதும் ஆகாதுங்க. கிலோவுக்கு 10 ரூபான்னா ஒரு ஆட்டுக்கு 200. நாலு ஆட்டு ஓடினாலும் 800, ஆள் சம்பளத்துக்கும் கரண்டுக்குமே பத்தாது, வாடகை கைக்காசு. காசு இருக்கறது புண்ணாக்குல. புண்ணாக்கை விட்டுட்டுப் போறவங்களுக்குக் கூலி வேண்டாம்னு போர்டு வைங்க. 200க்குப் பதிலா 460 ரூபா சரக்கு கையில நிக்கும். மாடு வெச்சிருக்கற காட்டுக்காரர் விடமாட்டார், டவுன்ல குடியிருக்கறவங்க விட்டுட்டுப் போவாங்க. உங்க பக்கம் மாட்டுக்காரங்க அதிகம், அதனால ரெண்டுங்கலந்துதான் ஓட்ட முடியும்.

கூலிக்கு வர்ற சரக்கை அவங்க கண்ணு முன்னாடியே எடை போட்டு, வரவு, எண்ணெய், புண்ணாக்கு மூணையும் சீட்டுல எழுதிக் குடுத்திருங்க. சண்டை வர்றதெல்லாம் "போன தடவை அரை லிட்டர் கூட வந்துச்சே"ங்கறதுல. காலியான உரல் மொத ஆட்டுல கொஞ்சம் எண்ணெயைக் குடிச்சிரும், அதனால காலைல மொத ஆட்டு உங்க சொந்த சரக்கா இருக்கட்டும். எள் ஆட்டினதுக்குப் பின்னாடி அன்னைக்குத் தேங்காய் போடாதீங்க, வாசம் ஒட்டும்.

பழையபேட்டை:
லைசன்ஸ் பத்திக் கேட்டிருந்தீங்க. எஃப்எஸ்எஸ்ஏஐங்கற உணவுப் பாதுகாப்பு லைசன்ஸ் இல்லாம ஒரு பாட்டில் விக்கக்கூடாது. 14 இலக்க நம்பர் லேபிள்ல வரணும். கூடவே பேட்ச் நம்பர், ஆட்டின தேதி, எத்தனை நாளைக்குள்ள பயன்படுத்தணும், எம்ஆர்பி, முகவரி, புகார் நம்பர். அளவை மில்லில போட்டா எடையும் போடணும்: 1 லிட்டர் கடலை எண்ணெய்னா 910 கிராம். டின்னுல இருந்து அளந்து ஊத்தற சில்லறை எண்ணெய்க்கு 2011 உணவுப் பாதுகாப்பு விதிப்படியே தடை இருக்கு, ஊரெல்லாம் ஊத்தறாங்கன்னு நீங்களும் ஆரம்பிச்சிராதீங்க. "கொலஸ்ட்ராலை விரட்டும்", "இதயத்துக்கு இதம்" மாதிரி வாசகமும் லேபிள்ல கூடாது. எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை.

கரண்ட்: 3 எச்பி மோட்டார்தான், ஆனா த்ரீ பேஸ் வாங்குங்க. சிங்கிள் பேஸ்ல சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினா பாரத்தோட நிக்கிற செக்கு மோட்டார் காயிலைக் கருக்கிரும். பேஸ் போனா தானா நிறுத்தற பிரிவென்டரும் போடுங்க. உத்யம்ங்கற சிறுதொழில் பதிவு இலவசம், அதைக் காட்டிக் குறுந்தொழிலுக்கான கரண்ட் கட்டணத்தைக் கேளுங்க. விற்பனைக் கடையும் செக்கும் ஒரே கரண்ட் இணைப்புல இருந்தா கமர்ஷியல் கட்டணத்துல ஏத்திருவாங்க. ரெண்டா பிரிக்க முடியுமான்னு கட்டடக்காரரோட முன்கூட்டியே பேசிக்குங்க.

மாவட்டத் தொழில் மையத்துல பிஎம்இஜிபிங்கற மத்திய அரசு மானியக் கடன் கேக்கலாம், கிராமப்புறத்துல பெண்கள் பேர்ல போட்டா 35 சதவீதம் மானியம். ஆனா அது கையில வராது. 3 வருஷம் வங்கியிலயே டெபாசிட்டா கிடந்துதான் கடன்ல கழியும். அதை நம்பி அட்வான்ஸ் குடுத்துராதீங்க.

நொய்யல்கரை:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். கொப்பரையைப் பெருந்துறை, அவல்பூந்துறை ஏலத்துல எடுக்கறதா, கொப்பரை காயப்போடற பக்கத்துக் களத்துலயே வாங்கறதா?

செக்கடி:
ஏலத்துல எடுக்க வியாபாரி லைசன்ஸ் வேணும், மூட்டைக் கணக்குல எடுக்கணும். ஒத்தைச் செக்குக்குக் களமே போதும். எள்ளும் அப்படித்தான், சிவகிரி ஏல விலையைக் கேட்டு வெச்சுக்கிட்டு காட்டுக்காரர்கிட்டப் பேசுங்க.

களத்துல வாங்கறப்ப ஒண்ணு மட்டும் பாருங்க: கந்தகப் புகை போட்ட கொப்பரை வெள்ளைவெளேர்னு இருக்கும், உடைச்சு மோந்தா தீப்பெட்டி வாசம் அடிக்கும். அதை எடுக்காதீங்க. விலை ஏறும்னு மூட்டை புடிச்சு வைக்கவும் வேண்டாம். 2025ல கிலோ 200ஐத் தாண்டினதைப் பார்த்துட்டுப் பலபேர் அதைத்தான் செய்யறாங்க. பத்து நாளைக்கு ஆட்டற அளவு வாங்குங்க, எண்ணெய் விலையை வாராவாரம் போர்டுல மாத்தி எழுதுங்க.