லோ வோல்டேஜுல ஃப்ரிட்ஜ்: தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கமுங்க. கோபி பக்கம் தோட்டத்து வீடு. டிரான்ஸ்ஃபார்மர்ல இருந்து லைன் கடைசியில இருக்கறோம். சுத்துவட்டாரத்துல கிணத்து மோட்டாரெல்லாம் ஓட ஆரம்பிச்சா, 230 இருக்க வேண்டிய வோல்டேஜ் 130க்கு இறங்கிருது. மீட்டர் வெச்சே பார்த்தாச்சு.

அம்மாவுக்குப் புது ஃப்ரிட்ஜ் பார்க்க ஈரோட்டுல ஒரு பெரிய கடைக்குப் போனோமுங்க. "இன்வெர்ட்டர் கம்ப்ரசர் சார், ஸ்டெபிலைசரே தேவையில்லை"ன்னு அடிச்சுச் சொல்றாப்ல அங்கிருந்த தம்பி. ஸ்டிக்கர்லயோ 140 முதல் 300 வோல்ட் வரைக்கும்னு போட்டிருக்குது. அதுக்குக் கீழ போனா என்னாகும்னு கேட்டா, கூடுதல் வாரண்டி எடுத்துக்கச் சொல்றாப்ல! கலரு, இஎம்ஐ பத்திக் கேட்டா மட்டும் மடமடன்னு பதில் வருது. பாவம், அவருக்கும் டார்கெட் இருக்குமாட்ட.

ஃப்ரிட்ஜுக்கு மட்டும் 90 வோல்ட்டுல இருந்து வேலை செய்யற ஸ்டெபிலைசர் போதுமுங்களா? இல்ல, வீடு முழுக்கத் தாங்கற மாதிரி மெயின்லயே 5 கேவிஏ ஸ்டெபிலைசர் மாட்டறதுங்களா? வோல்டேஜ் இறங்கறப்ப அது லைன்ல இருந்து கரண்ட் அதிகமா இழுக்குமே, பழைய வயரிங் தாங்குமான்னு யோசனையா இருக்குது. டிரான்ஸ்ஃபார்மர்ல டேப் (வெளிய வர்ற வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கற இணைப்பு) மாத்தலாம்னு ஒருத்தர் சொன்னாரு. அப்படி மாத்துனா, மோட்டார் நின்னதும் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துல இருக்கற வீடுகளுக்கு வோல்டேஜ் ஏறிராதுங்களா?

அந்தியூர், பவானி பக்கம் தோட்டத்துல இருக்கறவங்க என்ன மாட்டியிருக்கறீங்கன்னு சொன்னா புண்ணியமாப் போகுமுங்க.