அத்தையின் மைல் கணக்கு

குழு: தாத்தா வழிச் சொந்தங்கள் (அமெரிக்கா)
குழு விளக்கம்: இங்கே தமிழில் மட்டுமே எழுத வேண்டும். முழு வாக்கியமாக எழுதினால் நல்லது. – பெரியப்பா

மார்ச் 2026, சனிக்கிழமை

அத்தை: பெரிய அண்ணா, மொழிபெயர்ப்பு நிறுவனத்திடமிருந்து, ஒப்பந்த வேலைக்குக் கொடுத்த பணத்தைக் காட்டும் 1099-என்இசி படிவம் வந்துவிட்டது. பள்ளியில் இருந்தவரை ஊழியர்களுக்கான சம்பளப் படிவமான டபிள்யூ-2 ஒன்றுதான் வரும். மருத்துவமனைகளுக்கும் நீதிமன்றங்களுக்கும் ஒப்பந்த மொழிபெயர்ப்பாளராகப் போகத் தொடங்கியது சென்ற ஆண்டுதான் அல்லவா? இப்போது கணக்காளர் அம்மா, தொழிலுக்காக ஓட்டிய மைல்களின் பதிவேட்டை வியாழக்கிழமைக்குள் கேட்கிறார். அப்படி ஒன்று என்னிடம் இல்லை.

மாமா: நான் அன்றே சொன்னேன்.

அத்தை: நீங்கள் எதையும் சொல்லவில்லை.

அப்பா: பெரிய அண்ணன் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார். எல்லோரும் காபி போட்டுக்கொண்டு வந்து உட்காரலாம்.

பெரியப்பா: அம்மாடி, பதற வேண்டாம். முதலில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைத் தெரிந்துகொள். அமெரிக்க வருமான வரித் துறையான ஐஆர்எஸ் 2025ஆம் ஆண்டுக்கு அறிவித்த விகிதம் தொழில் மைல் ஒன்றுக்கு 70 சென்ட். 10,000 மைல் ஓட்டியிருந்தால் 7,000 டாலர் உன் வருமானத்திலிருந்து கழியும். வருமான வரி குறைவதோடு விஷயம் முடிந்துவிடாது. ஒப்பந்தக்காரர் என்பதால் சமூகப் பாதுகாப்புக்கும் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேருக்கும் முதலாளி பங்கையும் தொழிலாளி பங்கையும் சேர்த்து 15.3 சதவீதம் சுயதொழில் வரி கட்டுகிறாய். அந்த வரி நிகர வருமானத்தின் 92.35 சதவீதத்தின் மீது கணக்கிடப்படுவதால், 7,000 டாலர் கழிவு அதில் மட்டுமே ஏறத்தாழ 990 டாலரை மிச்சப்படுத்தும். ஆகவே பதிவேடு இல்லை என்று சொல்லி இதை விட்டுவிடக் கூடாது. பதிவேடு இருப்பதாகக் கற்பனை செய்யவும் கூடாது.

சித்தி: நானும் நாள் முழுவதும் நோயாளிகள் வீடுகளுக்குக் காரில்தான் போகிறேன். எனக்கும் இந்தக் கழிவு உண்டா?

பெரியப்பா: உனக்கு டபிள்யூ-2 வருகிறது. ஊழியர்கள் தம் கைக்காசில் செய்யும் வேலைச் செலவுகளுக்கான கூட்டரசுக் கழிவை 2018 முதல் நிறுத்தி வைத்தார்கள். 2025இல் வந்த சட்டம் அந்த நிறுத்தத்தை நிரந்தரமாக்கிவிட்டது. உன் நிறுவனம் மைல் பணத்தைத் திருப்பித் தருகிறதா என்று அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

சித்தி: இந்த வீட்டில் சலுகை எல்லாம் எப்போதும் அண்ணிக்குத்தான்.

அத்தை: 15.3 சதவீதமும் எனக்குத்தான். வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம்.

அப்பா: மைலுக்குத் திரும்புவோம்.

பெரியப்பா: திரும்புகிறேன். வீட்டிலிருந்து வேலைக்குப் போவதும் வேலையிலிருந்து வீட்டுக்கு வருவதும் சட்டத்தின் கண்ணில் சொந்தப் பயணம். எத்தனை மைல் ஆனாலும் கழிவு இல்லை. ஒரு மருத்துவமனையில் வேலையை முடித்துவிட்டு அதே நாளில் அடுத்த மருத்துவமனைக்குப் போனால் அந்த இடைப்பட்ட தூரம் தொழில் மைல். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் நியூ ஜெர்சி எடிசனில் உன் வீட்டிலிருந்து நெவார்க்குக்குப் போகும் முதல் பயணமும், மாலையில் வீடு திரும்பும் கடைசிப் பயணமும் கணக்கில் வர வேண்டுமானால், உன் வீடே உன் தொழிலின் முதன்மை இடமாக இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பு நடப்பது மருத்துவமனையில் என்றாலும், விலைப்பட்டியல் அனுப்புவது, நாள் குறிப்பது, சொற்பட்டியல் தயாரிப்பது போன்ற நிர்வாக வேலைகளை வீட்டில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் தொடர்ந்து செய்து, அவற்றைச் செய்ய வேறு நிலையான இடம் உனக்கு இல்லை என்றால் அது பொருந்தும். அந்த இடம் தொழிலுக்கு மட்டுமே பயன்பட வேண்டும் என்பது நிபந்தனை.

அத்தை: மாடியில் பின்னறையில் மேசை போட்டிருக்கிறேன். எல்லா வேலையும் அங்கேதான் நடக்கிறது.

சித்தி: நாங்கள் வந்தால் படுக்கும் அறை அதுதானே? அந்த மெத்தையில் படுத்துத்தான் சென்ற முறை இவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

அத்தை: மெத்தையைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லை.

பெரியப்பா: நல்ல வேளையாகக் கேள்வி வந்தது. விருந்தினர் படுக்கும் அறை முழுவதையும் அலுவலகம் என்று காட்ட முடியாது. ஆனால் முழு அறை தேவையில்லை. நிரந்தரத் தடுப்புச் சுவரும் வேண்டாம். தனித்துக் காட்டக்கூடிய ஒரு பகுதி, அதாவது உன் மேசையும் அதைச் சுற்றிய இடமும் வேறு எதற்கும் பயன்படாமல் இருந்தால் போதும்.

மாமா: அந்த மேசையின் மீதுதான் நான் சட்டை இஸ்திரி போடுகிறேன்.

அப்பா: போட்டீர்கள். இனி இல்லை.

பெரியப்பா: மாப்பிள்ளை, நகைச்சுவை இருக்கட்டும், இதைக் கணக்காளரிடம் உள்ளபடியே சொல்லிவிடுங்கள். வீட்டு அலுவலகம் செல்லாது என்று அவர் சொன்னால், பெருநகர எல்லைக்குள் வீட்டிலிருந்து தொடங்கிய பயணங்கள் போய்விடும். இடைப்பட்ட மைல்கள் கழிவில் தங்கும். பிலடெல்பியா நீதிமன்றத்துக்கு எப்போதாவது போவது உன் வழக்கமான பெருநகரப் பகுதிக்கு வெளியே, தற்காலிகப் பணியிடத்துக்குப் போவதால் அதையும் அவர் தனியாகப் பார்ப்பார்.

அண்ணன்: அப்பா, எனக்கு ஒரு சந்தேகம். நான் வேலை செய்யும் உணவு விநியோகச் செயலி ஆண்டு இறுதியில் மைல் கணக்கைத் தானே அனுப்பிவிடுகிறது. அதை அப்படியே போட்டால் போதாதா?

பெரியப்பா: போதாது. பல செயலிகள் சாப்பாட்டை எடுத்த இடத்திலிருந்து கொடுத்த இடம் வரைதான் எண்ணுகின்றன. கொடுத்துவிட்டு அடுத்த உணவகத்துக்கு வெறும் வண்டியாக ஓட்டியதும் தொழில் மைல்தான். அது அந்த எண்ணிக்கையில் இல்லாமல் போகலாம். நடுவில் நண்பன் வீட்டுக்குத் திரும்பியது உன் சொந்தக் கணக்கு. சுங்கக் கட்டணத்தையும் தொழிலுக்காகக் கொடுத்த நிறுத்தக் கட்டணத்தையும் 70 சென்ட்டுக்கு மேல் தனியாகக் கழிக்கலாம். கார்க் கடன் வட்டியில் தொழிலுக்குரிய பங்கையும் நீ கழிக்கலாம்.

அண்ணன்: நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியதற்கான அபராதச் சீட்டுகள்?

பெரியப்பா: அபராதத்துக்குக் கழிவு இல்லை. எத்தனை சீட்டுகள் என்று உன் அம்மாவுக்குத் தெரியுமா?

அண்ணன்: பொதுவாகக் கேட்டேன், அப்பா.

அத்தை: என் பதிவேடு என்ன ஆனது?

பெரியப்பா: வருகிறேன். பயணம் ஒவ்வொன்றுக்கும் தேதி, போன இடம், தொழில் காரணம், மைல் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். வேறு சில செலவுகளில் ஏறக்குறைய இவ்வளவு என்று நீதிமன்றம் மனமிரங்குவது உண்டு. காருக்கு அந்த இரக்கம் கிடையாது. வரிச் சட்டத்தின் 274(டி) பிரிவு உத்தேசக் கணக்கை ஏற்பதில்லை. நடந்த சமயத்திலோ அதை ஒட்டியோ எழுதிய குறிப்புக்குத்தான் மதிப்பு அதிகம். வாரம் ஒருமுறை எழுதினாலும் அதை ஒட்டி எழுதியதாகவே கொள்வார்கள். உன்னிடம் பதிவேடு இல்லையே தவிர, சான்றுகள் இல்லாமல் இல்லை. நிறுவனம் ஒவ்வொரு பணிக்கும் அனுப்பிய உறுதி மின்னஞ்சலில் தேதி, மருத்துவமனை முகவரி, நேரம் மூன்றும் இருக்கும். டர்ன்பைக் சுங்கச் சாலையில் ஏறி இறங்கியது, சுங்கம் கட்டும் ஈஸி-பாஸ் கணக்கின் அறிக்கையில் இருக்கும். முகவரிக்கு முகவரி தூரத்தை வரைபடத்தில் பார்த்து எழுதலாம். எண்ணெய் மாற்றிய ரசீதில் அன்றைய ஓடோமீட்டர் எண்ணைக் குறித்திருப்பார்கள். ஆண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் அப்படி ஒவ்வொரு ரசீது இருந்தால், வண்டி மொத்தம் ஓடிய தூரம் கிடைத்துவிடும். ஆனால் பின்னாளில் தொகுத்தது என்பதை அதன் தலைப்பிலேயே எழுதிவிடு. ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதி அன்றன்று எழுதியதாகக் காட்டும் பதிவேட்டைவிட, சான்றுகளோடு நேர்மையாகத் தொகுத்தது எவ்வளவோ மேல். ஒவ்வொரு நாளும் சரியாக 50 மைல் என்று முழு எண்ணாக எழுதிவிடாதே.

மாமா: எண்ணெய் ரசீதுகள் எல்லாம் டாஷ்போர்டுப் பெட்டியில் இருக்கின்றன. ஒன்றில் சாம்பார் கொட்டியிருக்கிறது, எண் தெரிகிறது.

அத்தை: தூரமான பணிகளுக்கு நிறுவனம் மைலுக்கென்று கொஞ்சம் பணம் கொடுத்ததே, அதை என்ன செய்வது?

பெரியப்பா: அந்தத் தொகை 1099 படிவத்தின் முதல் பெட்டியில் சேர்ந்திருக்கிறதா என்று பார். சேர்ந்திருந்தால் அது வருமானம். முழு மைலையும் கழிக்கலாம். சேராமல், நீ கணக்குக் கொடுத்து அவர்கள் ஈடு செய்ததாக இருந்தால், அதே மைலை மறுபடியும் கழிக்க முடியாது.

சித்தி: மைலுக்குப் பதிலாகச் செலவுகளைக் கழித்தால் அதிகம் வராதா? அந்த வண்டிக்குச் செலவு அதிகம் என்று அண்ணி எப்போதும் சொல்வார்கள்.

அத்தை: நான் அப்படிச் சொன்னதே இல்லை. டிரான்ஸ்மிஷன் மாற்ற வேண்டியிருந்தது என்று மட்டும் சொன்னேன்.

பெரியப்பா: அந்த வழியும் உண்டு. பெட்ரோல், பழுது, டயர், காப்பீடு, பதிவுக் கட்டணம், தேய்மானம் எல்லாவற்றையும் கூட்டி, மொத்த ஓட்டத்தில் தொழில் எத்தனை சதவீதமோ அத்தனையைக் கழிப்பது. ஆனாலும் மைல் பதிவேடு இல்லாமல் அந்தச் சதவீதத்தையே சொல்ல முடியாது. அதனால் அது தப்பிக்கும் வழி அல்ல. சொந்தக் காரைத் தொழிலில் இறக்கிய முதல் ஆண்டிலேயே மைல் விகிதத்தைத் தேர்ந்தெடுத்தால் பின்னால் செலவு முறைக்கு மாறலாம். முதல் ஆண்டில் அதை விட்டுவிட்டால் அந்தக் காருக்கு மைல் விகிதம் அதன் பிறகு கிடைக்காது. உனக்கு 2025தான் முதல் ஆண்டு. வண்டி பழையது, விலை குறைவு என்பதால் மைல் விகிதமே உனக்கு லாபமாக இருக்கும் என்பது என் எண்ணம். ஆனால் அதற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. கார் உனக்குச் சொந்தமாகவோ, நீ குத்தகைக்கு எடுத்ததாகவோ இருக்க வேண்டும்.

(சிறிது நேரம் யாரும் எழுதவில்லை.)

மாமா: உரிமைப் பத்திரம் இன்னும் மைத்துனர் பெயரில்தான் இருக்கிறது.

அப்பா: இதை நான் எதிர்பார்த்தேன்.

சித்தப்பா: நான் அக்காவுக்குக் கொடுத்துவிட்டேன். கொடுத்தது கொடுத்ததுதான்.

அத்தை: தம்பி, கொடுத்தாய், மறுக்கவில்லை. கையெழுத்துப் போட்டுத் தரவில்லை. காப்பீடும் பழுதும் பெட்ரோலும் நான்தான் கட்டுகிறேன்.

சித்தி: பாதிப் பணம் பிறகு தருவதாகப் பேச்சு என்று எனக்கு நினைவு.

மாமா: இலவசம் என்று எனக்கு நினைவு.

பெரியப்பா: இந்தப் பேச்சை வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம். வரிக்குத் தேவையானது இதுதான்: பரிசா, விற்பனையா, இரவலா? மூன்றில் எது என்று நீங்கள் மூவரும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். பத்திரத்தை இப்போது மாற்றினால் இனிமேல் ஓட்டுவதற்கு உதவும். சென்ற ஆண்டில் வண்டி யாருடையது என்ற கேள்வி அப்படியே இருக்கும். உண்மையில் அனுபவித்து, செலவு செய்தவர் யார் என்பதைக் காப்பீட்டுத் தாளோடு கணக்காளர் முன்னால் வைப்போம், அவர் தீர்மானிக்கட்டும். இரவல் என்றால், நீ உண்மையில் கட்டிய பெட்ரோல், பழுதுச் செலவுகளில் தொழில் பங்கு மட்டும்தான். சுயதொழில் வரவுசெலவைக் காட்டும் ஷெட்யூல் சி படிவத்தின் நான்காம் பகுதியில் வண்டியைப் பற்றிய கேள்விகள் இருக்கின்றன. 47ஆம் எண் கேள்வி "கழிவுக்குச் சான்று உண்டா, அது எழுத்தில் உள்ளதா?" என்று கேட்கிறது. ஆம் என்று குறித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது நீ. நானோ தம்பியோ அல்ல.

அண்ணன்: ஏப்ரல் 15க்குள் முடியாவிட்டால் கால நீட்டிப்புக்கான 4868 படிவம் போட்டு அக்டோபர் வரை தள்ளிவிடலாமே, அத்தை.

பெரியப்பா: அறிக்கையைத் தான் தள்ளலாம், பணத்தைத் தள்ள முடியாது. கட்ட வேண்டியதை ஏப்ரல் 15ஆம் தேதியே உத்தேசித்துக் கட்டிவிட வேண்டும். அதே நாளில் 2026இன் முதல் காலாண்டு முன்வரியும் வருகிறது. அதை அவள் கட்ட வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அத்தை: அப்படியென்றால் தள்ள வேண்டுமா, வேண்டாமா?

பெரியப்பா: மின்னஞ்சல்களை எடுத்து வை. பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அத்தை: திங்கட்கிழமை காலையில் பிலடெல்பியாவில் ஒரு விசாரணை இருக்கிறது. அதிலிருந்தாவது ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

பெரியப்பா: எழுது. 2026க்கு மைலுக்கு 72.5 சென்ட். புறப்படும்போதும் திரும்பியதும் ஓடோமீட்டரைப் படம் எடுத்துக்கொள்.

அப்பா: படத்தைக் குழுவில் போட வேண்டாம்.

அத்தை: தம்பி, பத்திரம் எங்கே இருக்கிறது?

சித்தப்பா: வீட்டில்தான் எங்கோ இருக்கிறது. அடுத்த வாரம் தேடுகிறேன், அக்கா.

மாமா: கணக்காளர் வியாழக்கிழமை கேட்கிறார்.

சித்தி: வியாழக்கிழமை எனக்கு முழு நாள் வேலை. கழிவில்லாத மைல்கள் நிறைய இருக்கின்றன.