அப்பாவின் குரல் ரான்சம்வேரில் சிக்கிவிட்டது: போர்மட் செய்யத்தான் வேண்டுமா?

கேள்வி: வெள்ளவத்தை மல்லிகை

வெள்ளிக்கிழமை இரவு என் மகன் படம் திருத்தும் மென்பொருள் ஒன்றைக் காசு கட்டாமல் பயன்படுத்த ‘கிராக்’ ஒன்றைத் தரவிறக்கியிருக்கிறான். விண்டோஸ் புதுப்பிக்கப்படுகிறது என்று ஒரு சாளரம் வந்ததாம். அவனும் அது முடியட்டும் என்று காத்திருந்திருக்கிறான். காலையில் எந்தக் கோப்பும் திறக்கவில்லை. ஒவ்வொன்றின் பெயருக்குப் பின்னாலும் பொருளற்ற நான்கு ஆங்கில எழுத்துகள் ஒட்டியிருக்கின்றன. இது கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் ‘ரான்சம்வேர்’ கிருமியாம். கோப்புறைதோறும் ‘ரீட்மீ’ என்றொரு கடிதம்: 72 மணி நேரத்துக்குள் கட்டினால் 490 டொலர், பிந்தினால் 980 டொலர்.

படங்களை உறவினரிடம் கேட்டு வாங்கிக்கொள்வேன். என்னால் விட முடியாதது அப்பாவின் குரல். கோயிலில் புராணபடனத்தில், புராணப் பாடல்களைப் படிக்கும்போது, அவற்றுக்குப் பயன், அதாவது பொருள், சொன்னவர் அவர். 11 கசெட்டுகள், இரு பக்கமுமாக 22 பதிவுகள். 2014இல் அவற்றை ‘வேவ்’ ஒலிக் கோப்புகளாக மாற்றினோம். கசெட்டுகள் பின்னர் பூஞ்சணம் பிடித்து, நாடா ஒட்டிப் பாழாகிவிட்டன. பிரதி வைத்திருந்த வெளி வன்தட்டும் அன்றிரவு கணினியில் செருகியபடியே இருந்தது. அதற்கும் இதே கதி.

காலி வீதியில் ஒரு கடையில் காட்டினேன். எல்லாவற்றையும் அழித்து போர்மட் செய்வதைத் தவிர வேறு வழியில்லை என்றார்கள். 490 டொலர் என்றால் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் ரூபாய். கடன் வாங்கியாவது கட்டுவதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பதில் 1: கொட்டாஞ்சேனைத் தம்பி

அக்கா, போர்மட் செய்ய விடாதீர்கள். பணமும் கட்டாதீர்கள், வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

போலிப் புதுப்பிப்புச் சாளரம், 490க்குப் பின் 980 என்ற கணக்கு, இரண்டும் ‘ஸ்டொப் டிஜேவியூ’ என்ற குடும்பத்தின் அடையாளங்கள். கடிதத்தின் அடியில் உங்களுக்கென ஓர் அடையாளக் குறியீடு இருக்கும். அது ‘t1’ என்று முடிந்தால், பலருக்கும் பொதுவான ஒரு திறப்பால் (சாவியால்) பூட்டியிருக்கிறார்கள். எம்சிசொஃப்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் 2019 ஒக்டோபரில் வெளியிட்ட இலவசக் கருவியிடம் அந்தத் திறப்பு இருந்தால் எல்லாம் மீளும். வேறு விதமாக முடிந்தால் அது உங்களுக்கென்றே உருவாக்கிய தனித் திறப்பு. அதை உடைத்துத் தருகிறேன் என்று காசு கேட்பவரை நம்பாதீர்கள்.

ஆனால் உங்களிடம் இருப்பது வேவ் கோப்புகள் என்பதைப் படித்ததும் எனக்கு நம்பிக்கை வந்தது. இந்தக் கிருமி அவசரக்காரன். கோப்பு எவ்வளவு பெரிதானாலும் முதல் 150 கிலோபைட்டை மட்டுமே பூட்டும். ஒரு படத்துக்கு அது பெரிய அடி. ஆனால் கசெட்டின் ஒரு பக்கம், அரை மணி நேரம், வேவ் கோப்பாக 300 மெகாபைட்டுக்கு மேல் வரும். சீடித் தரத்தில் ஒரு விநாடிக்கே 176 கிலோபைட் போகிறது. கணக்குப் பாருங்கள்: ஒவ்வொரு பதிவிலும் நீங்கள் இழந்தது ஒரு விநாடிகூட இல்லை.

முதலில் இணையத்தைத் துண்டித்து, வைரஸ் தடுப்பு மென்பொருளால் கணினியைச் சுத்தம் செய்யுங்கள். அதற்கு முன் புதிய வன்தட்டு எதையும் செருக வேண்டாம், அதையும் பூட்டிவிடும். பிறகு பூட்டிய கோப்புகளைப் பிரதி எடுத்து, பிரதியில் மட்டும் கை வையுங்கள். ‘ஓடாசிட்டி’ என்ற இலவச மென்பொருளில் கோப்பை மூலத் தரவாக இறக்குமதி செய்யும் வசதி உண்டு. 16 பிட், ஸ்டீரியோ, 44100 என்று கொடுங்கள். பூட்டிய 150 கிலோபைட்டைத் தாண்டுவதற்கு, தொடக்கத்தில் 153608 பைட்டுகளைத் தவிர்க்கச் சொல்லுங்கள். அந்த எண் நான்கால் வகுபட வேண்டும்; தவறினால் வெறும் இரைச்சல் கேட்கலாம். முதல் முறை ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு கேளுங்கள்.

பதில் 2: தெகிவளை வாசகி

ஒன்று விடுபட்டுவிட்டது. இந்தக் கிருமி பெரும்பாலும் தனியாக வருவதில்லை, கடவுச்சொல் திருடும் நிரலையும் கூட்டிக்கொண்டு வரும். வங்கி, மின்னஞ்சல், முகநூல் எல்லாவற்றின் கடவுச்சொற்களையும் இன்றே மாற்றுங்கள். அந்தக் கணினியிலிருந்து அல்ல, கைத்தொலைபேசியிலிருந்து. ஏற்கெனவே உள்நுழைந்திருக்கும் எல்லாச் சாதனங்களையும் வெளியேற்றுங்கள். மகனைத் திட்டாதீர்கள். எந்தத் தளத்தில் எதை அழுத்தினான் என்பதை அவன் பயமின்றிச் சொன்னால்தான் உங்களுக்கு உதவ முடியும்.

பதில் 3: கோட்டை அலுவலகன்

2023 ஓகஸ்டில் எமது அரசாங்க மின்னஞ்சல் சேவையை ரான்சம்வேர் தாக்கியபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவே இல்லை. இணைப்பிலேயே இருந்த காப்புப் பிரதியும் சேர்ந்து பூட்டுண்டது. உங்கள் வெளி வன்தட்டுக்கு நடந்ததும் அதேதான். குரல் மீண்டதும் ஒரு பிரதியை எதிலும் செருகாமல் அலுமாரிக்குள் வையுங்கள், இன்னொன்றை வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள். கணினித் தாக்குதல்களைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் அமைப்புக்கும் ஒரு முறைப்பாடு அனுப்புங்கள்.

கேட்டவரின் பதில்: வெள்ளவத்தை மல்லிகை

குறியீடு ‘t1’ என்று முடியவில்லை. படங்கள் போனது போனதுதான். பூட்டிய நிலையிலேயே ஒரு வன்தட்டில் வைத்திருக்கிறேன், என்றாவது திறப்பு வெளிவரலாம்.

தம்பி சொன்னபடி ஞாயிறு இரவு முதல் கோப்பைத் திறந்தேன். நாடா ஓடும் இரைச்சல், யாரோ இருமும் சத்தம், அடுத்து அப்பா. மகனும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். தாத்தாவின் குரலை அவன் கேட்டது அதுதான் முதல் தடவை. விடியும்வரை இருந்து 22 பதிவுகளையும் அவனே சேமித்து முடித்தான். ஒரு பிரதி இப்போது மட்டக்குளியில் தங்கை வீட்டில் இருக்கிறது.

பெரும்பாலான பதிவுகளில் போனது பொத்தானை அழுத்திய ‘டக்’ என்ற ஓசை மட்டும். ஏழாவது கசெட்டில்தான் அப்பா உடனே தொடங்கியிருக்கிறார். ‘திருச்சிற்றம்பலம்’ என்பதில் ‘திரு’ இல்லை. ‘சிற்றம்பலம்’ என்று தெளிவாகக் கேட்கிறது.