பூட்டனின் கலியாணப் பதிவு: ஏட்டில் இராயப்புவே இல்லை

உவர்மலைப் பேத்தி:
வணக்கம். என் அம்மம்மாவின் தாய் தகப்பனுடைய கலியாணப் பதிவைத் தேடுகிறேன். பூட்டன் இராயப்பு, பூட்டி மரியமுத்து. 1920க்கும் 1925க்கும் இடையில் திருகோணமலையில் முடித்தார்கள் என்பது அம்மம்மாவுக்குத் தெரியும், எந்தக் கத்தோலிக்கக் கோயில் என்று தெரியாது. ஒரு பங்கில், அதாவது ஒரு கோயிலின் சபை வட்டாரத்தில், அனுமதி கேட்டு விவாக ஏட்டை ஒரு காலை முழுக்கப் பார்த்தேன். எல்லாம் லத்தீன், சரிந்த கையெழுத்து, மை பழுப்பாகி அடுத்த பக்கத்திலும் ஊறியிருக்கிறது. இராயப்பு என்று ஒருவர்கூட இல்லை. "இல்லையென்றால் இல்லைதான் பிள்ளை" என்று ஏட்டை மூடிவிட்டார்கள். அம்மம்மாவுக்கு 88 வயது, அவ இருக்கும்போதே கண்டுபிடித்துக் காட்ட வேண்டும். வேறு எங்கே தேடலாம்?

பழைய மை:
தங்கச்சி, அதே ஏட்டை இன்னொரு முறை பாருங்கள். லத்தீனில் எழுதிய சுவாமிமார் (குருமார்) நம்முடைய பெயர்களையும் லத்தீனாக்கித்தான் எழுதுவார்கள். இராயப்பு அங்கே பேத்ருஸ். அருளப்பு யோவான்னெஸ், சின்னப்பு பவுலுஸ், சூசை யோசேப்புஸ், சந்தியாகு யாகோபுஸ், ஞானப்பிரகாசம் அலோய்சியுஸ். மரியமுத்து வெறும் மரியாவாக இருப்பா.

அதோடு பெயரின் வாலும் மாறும். மாப்பிள்ளையாக வரும்போது பேத்ரும், அவரே ஒருவருடைய தகப்பனாக வரும்போது பேத்ரி. பெயருக்குப் பக்கத்தில் ஃபிலியும் என்றால் இன்னாருடைய மகன், ஃபிலியாம் என்றால் மகள். விதுவா என்றிருந்தால் கைம்பெண், அப்போது அவவுக்கு முதல் கலியாணம் ஒன்று இருக்கிறது, அதையும் தேட வேண்டும். நான் என் அப்பப்பாவின் தகப்பனை இரண்டு வருடம் ஞானப்பிரகாசம் என்றே தேடிக்கொண்டிருந்தேன், அந்தப் பக்கத்தை நாலு தரமாவது தாண்டிப் போயிருப்பேன்.

கொட்டியாரக்கரை:
மேலே அண்ணா சொன்னது சரி. ஆனால் கோயிலே தெரியாதபோது விவாக ஏட்டில் தொடங்க வேண்டாம், பூட்டியின் ஞானஸ்நானப் பதிவில் தொடங்குங்கள். 1908இல் இருந்து கத்தோலிக்கச் சபையில் ஒரு விதி உண்டு: கலியாணம் எங்கே நடந்தாலும், அதை நடத்திய சுவாமி ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அறிவிக்க வேண்டும், அங்கே அந்தப் பதிவின் ஓரத்தில் யாரை, எங்கே, எப்போது முடித்தார் என்று குறிப்பார்கள். பொடி எழுத்தாக இருக்கும், சில நேரம் வேறு மையில். அந்த ஒற்றை வரி போதும். கலியாணம் பெரும்பாலும் பெண்ணின் பங்கில்தான் நடக்கும், பூட்டி மூதூர்ப் பக்கம் என்றால் பட்டணத்து ஏட்டில் எவ்வளவு புரட்டினாலும் வராது.

அப்புறம் கச்சேரி, அதாவது அரசாங்க அலுவலகப் பக்கத்தையும் விட வேண்டாம். 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுச் சட்டப்படி, கோயிலில் நடந்த கலியாணத்துக்கும் ஒரு பிரதி மாவட்டப் பதிவாளருக்குப் போக வேண்டும்.

உவர்மலைப் பேத்தி:
கிடைத்துவிட்டது! பூட்டியின் ஞானஸ்நானம் மூதூரில்தான், ஓரத்தில் பேத்ருஸ் என்ற பெயரும் 1923ம். அதை வைத்துக் கலியாணப் பதிவையும் எடுத்துப் பார்த்தேன். பூட்டியின் தகப்பன் பவுலி என்று இருக்கிறது, அப்படியென்றால் சின்னப்பு, அம்மம்மா சொல்லும் அதே பெயர். பூட்டன் கையெழுத்து வைத்திருக்கிறார். பூட்டியின் இடத்தில் ஒரு சிலுவைக் கீறல், கீழ்க்கால் கொஞ்சம் வழுக்கி நீளமாகப் போயிருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு கனநேரம் இருந்தேன். இன்னொன்று, நடுவில் 'இன் தெர்சியோ கிராது' என்று இருக்கிறது, அது என்ன?

பழைய மை:
அந்தக் காலச் சபைக் கணக்கில் மூன்றாம் படி உறவு. சொந்த மாமன் மகள், மாமி மகன் முடித்தால் இரண்டாம் படி, இருவருக்கும் ஒரே பாட்டன் பாட்டி. மூன்றாம் படி என்றால் அதற்கு ஒரு தலைமுறை மேலே, இருவருக்கும் ஒரே பூட்டன் பூட்டி. அப்போது இப்படி இரத்த உறவுக்குள் முடிக்க மேற்றிராணியாரின் (ஆயரின்) விலக்கு, அதாவது விசேட அனுமதி, வேண்டியிருந்தது, அதற்கான மனுவோடு உறவைக் காட்டும் வம்ச மரம் ஒன்றும் கீறிக் கொடுப்பது வழக்கம். திருகோணமலை 1893இலேயே தனி மறைமாவட்டம் ஆகிவிட்டது, ஆகவே 1923க்கு யாழ்ப்பாணம் போகத் தேவையில்லை. ஆயர் இல்லத்தில் ஆண்டைச் சொல்லி, விவாக விலக்கு மனுக்கள் இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த மரம் கிடைத்தால் இன்னும் மூன்று தலைமுறை ஒரே தாளில் வந்துவிடும்.